கோல்கேனன் - அயர்லாந்துக் குடியானவரின் உணவு

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் அந்நாட்டு மன்னர்களையும் போர்களையும் பற்றிப் படிப்பது வழக்கம். அந்நாட்டுக் குடியானவன் வீட்டு அடுப்பில் என்ன வெந்தது, அவன் விளைவித்ததில் எவ்வளவு அவன் கலத்தில் விழுந்தது, எவ்வளவு வண்டியேறிச் சந்தைக்குச் சென்றது என்று கேட்பவர் சிலரே. கூட்டுறவு அங்கத்தினராகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவேயாகும். ஆதலின் இம்மாதம் அயர்லாந்து தேசத்து எளிய உணவொன்றைப் பற்றி எழுத எண்ணினோம். எழுதுவதற்கு முன்னர் அதை வீட்டில் சமைத்தும் பார்த்தோம். சமைத்ததில் நேர்ந்த பிழையையும், பின்னர் அதைத் திருத்திக்கொண்ட விதத்தையும் உரிய இடத்தில் கூறுவோம்.

அவ்வுணவின் பெயர் கோல்கேனன். வெந்த உருளைக்கிழங்கை மசித்து, சூடான பாலும் வெண்ணெயும் சேர்த்து, வேகவைத்து நறுக்கிய கோசு இலையை அதனுடன் கலந்தால் கோல்கேனன் ஆயிற்று. ஐரிஷ் மொழியில் ‘கால் கேனன்’ என்றால் வெண்தலைக் கோசு என்று பொருள்படும். முட்டைக்கோசின் இனத்தைச் சேர்ந்ததும், தலை கட்டாமல் சுருண்ட இலையாகவே வளர்வதுமான கேல் என்னும் கீரையைச் சேர்ப்போரும் உளர். கீரையின்றி வெங்காயத்தாளை மட்டும் பாலில் காய்ச்சிக் கலந்தால் அதற்குச் ‘சாம்ப்’ என்று பெயர். பெயர்கள் வேறாயினும் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே.

இவ்வுணவைப் பரிமாறும் முறை கவனிக்கத்தக்கது. மசித்த கிழங்கைத் தட்டில் சிறு குன்றுபோல் குவித்து, உச்சியில் கரண்டியால் ஒரு குழி செய்து, அதில் ஒரு பெரிய வெண்ணெய்க் கட்டியை வைப்பார்கள். சூட்டில் அது உருகிக் குளம்போல் நிற்கும். உண்பவர் ஓரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கவளத்தையும் அந்த வெண்ணெய்க் குளத்தில் தோய்த்து உண்பர். கரை உடையாதபடி கடைசிக் கவளம் வரையில் வெண்ணெயைக் காப்பாற்றுவதில் குழந்தைகளுக்குள் போட்டியே நடக்கும். குளிர் மிகுந்த நாட்டில், மழையில் நனைந்து வயலிலிருந்து திரும்பியவனுக்கு இதைவிட ஆறுதலான உணவு வேறில்லை.

திருநாளும் கோல்கேனனும்

அக்டோபர் 31-ஆம் நாள் மாலை, அதாவது சகல புனிதர் திருநாளுக்கு முந்திய மாலை, கோல்கேனனுக்கு உரியது. அன்று கத்தோலிக்கர் புலால் உண்ணாதிருப்பது பழைய வழக்கமாதலால் கிழங்கும் கீரையும் பாலும் கொண்ட இவ்வுணவு அம்மாலைக்குப் பொருத்தமாயிற்று. மேலும் அக்காலத்தில்தான் கிழங்கு அறுவடை முடிந்து வீடு நிறைந்திருக்கும்.

அன்றைய கோல்கேனனில் ஒரு மோதிரத்தையும் ஒரு நாணயத்தையும் மறைத்து வைப்பார்கள். மோதிரம் எவர் கலத்தில் கிடைக்கிறதோ அவருக்கு ஓராண்டுக்குள் திருமணம் என்பதும், நாணயம் கிடைத்தவருக்குச் செல்வம் சேரும் என்பதும் நம்பிக்கை. தையல் வேலையில் விரலுக்கு அணியும் உலோக உறை கிடைத்த பெண் கன்னியாகவே இருப்பாள் என்றும், பொத்தான் கிடைத்த ஆடவன் பிரமசாரியாகவே இருப்பான் என்றும் கூறி நகைப்பார்கள். இறந்த முன்னோர் அன்றிரவு வீடு திரும்புவர் என்று கருதி அவர்களுக்கென ஒரு பங்கை எடுத்து வைக்கும் வழக்கமும் சில இடங்களில் இருந்தது. முன்னோருக்குப் படையலிட்டு உண்ணும் நம்மவருக்கு இது புதிதாகத் தோன்றாது.

வெண்ணெய் யார் கலத்தில் விழுந்தது?

இவ்வளவு இனிய உணவின் பின்னால் கொடியதொரு கதை உள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அயர்லாந்துக் குடியானவர் பெரும்பாலோர் சொந்த நிலமற்றவர். பண்ணைச் சொந்தக்காரருக்கு வாரம் செலுத்திச் சிறு துண்டு நிலத்தில் பயிர் செய்தனர். தானியத்தையும் வெண்ணெயையும் பன்றியையும் விற்று வாரம் செலுத்திய பிறகு அவர்கள் உண்பதற்கு எஞ்சியது உருளைக்கிழங்கு ஒன்றே. உழைக்கும் ஆடவன் ஒருவன் நாளொன்றுக்கு ஐந்து கிலோ கிழங்கு உண்டான் என்றால் நம்புவது கடினம். ஆனால் அது உண்மை. பசு வைத்திருந்த வீட்டிலும் வெண்ணெய் சந்தைக்குப் போயிற்று. வெண்ணெய் எடுத்த மோரே பிள்ளைகளுக்குக் கிடைத்தது. கிழங்கும் மோரும் சேர்ந்து உடலுக்குப் போதிய சத்து அளித்தன என்பது உண்மையே. எனினும் கோல்கேனனின் நடுவே உருகும் வெண்ணெய் அந்நாளைய ஏழைக்குத் திருநாள் பண்டமேயன்றி அன்றாடப் பண்டம் அன்று.

சிறிய நிலத்தில் மிகுந்த விளைச்சல் தரும் ‘லம்பர்’ என்ற ஒரே கிழங்கு வகையை ஏழைகள் எங்கும் நட்டனர். 1845-இல் பின்பருவ இலைக் கருகல் நோய் அந்நாட்டை அடைந்தது. பைட்டாப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்னும் நுண்ணுயிரால் வருவது அது. ஈரமும் குளிர்ச்சியும் கூடிய காலத்தில் காற்றில் பரவி, சில நாட்களில் இலையைக் கருக்கி, மண்ணினுள் கிழங்கையும் அழுகச் செய்யும். ஒரே வகைக் கிழங்காதலால் ஒரு வயலைத் தாக்கியது எல்லா வயலையும் தாக்கியது. 1846-இல் விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் பாழாயிற்று. நாட்டு மக்களுள் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் கிழங்கையே நம்பியிருந்தனர். 1852-க்குள் பத்து லட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். 1841-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 81 லட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை 1851-இல் 66 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அப்பஞ்சக் காலத்திலும் வெண்ணெயும் கால்நடையும் தானியமும் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு நடுங்குகிறது.

நெசவாளரும் இக்கதைக்கு வெளியே நிற்பவரல்லர். அயர்லாந்தின் வடபகுதியாகிய அல்ஸ்டரில் குடியானவர் வீடுதோறும் பெண்கள் ஆளிநாரை நூற்றனர். ஆடவர் தறியில் லினன் நெய்தனர். வீட்டை ஒட்டிய துண்டு நிலத்தில் கிழங்கு விளைந்தது. நூற்புக் கூலி ஒரு கை, கிழங்கு ஒரு கை என்று வாழ்ந்தனர். 1830-ஐ ஒட்டி பெல்பாஸ்டில் எழுந்த ஆலைகள் நூலை மலிவாக்கிய போது பெண்களின் கைராட்டினம் ஓய்ந்தது. அவ்வாறு ஒரு கை ஒடிந்திருந்த குடும்பங்களின் மறு கையையும் கருகல் நோய் ஒடித்தது.

நோய்க்கு மருந்து பின்னரே கிடைத்தது. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்து தெளிக்கும் போர்டோ கலவையின் பயனை 1885-இல் பிரெஞ்சு அறிஞர் மில்லார்டே திராட்சைக் கொடியில் கண்டு வெளியிட்டார். பிறகு அது கிழங்குப் பயிருக்கும் காப்பாயிற்று. ஆயினும் குடியானவன் வெண்ணெய்க்கு நியாய விலை பெறுவதற்கு மருந்துக் கடையில் வழியில்லை. அதற்கு வேறோர் ஏற்பாடு வேண்டியிருந்தது.

ஐம்பது கூட்டங்கள்

1878-இல் சுவீடன் நாட்டு டி லாவால், சுழற்சி விசையால் பாலேட்டைப் பிரிக்கும் இயந்திரத்தை அமைத்தார். டென்மார்க்கு நாட்டுக் குடியானவர் 1882-இல் முதல் கூட்டுறவு வெண்ணெய்ச் சாலையைத் தொடங்கி, ஒரே தரமுள்ள வெண்ணெயை இங்கிலாந்துச் சந்தைக்கு அனுப்பலாயினர். வீட்டுக்கு வீடு தரம் மாறுபட்ட அயர்லாந்து வெண்ணெய் அதன் முன் நிற்க இயலாது பின்வாங்கியது. இயந்திரம் வாங்கத் தனி வியாபாரிக்கு முதல் இருந்தது, குடியானவனுக்கு இல்லை.

இந்நிலையில் 1889-இல் அமெரிக்காவில் பத்தாண்டுகள் கால்நடைப் பண்ணை நடத்தித் திரும்பினார் ஹோரேஸ் பிளங்கெட். 1854-இல் பிரபு குலத்தில் பிறந்தவர். எனினும் ஊர் ஊராகச் சென்று குடியானவரிடம் கூட்டுறவைப் பற்றிப் பேசினார். ஐம்பது கூட்டங்கள் பேசிய பிறகே முதல் சங்கம் பிறந்தது என்று அவரே எழுதியுள்ளார். அவருடைய துணைவரான ஆண்டர்சன் ஓர் ஊரில் கூட்டத்தை ஏறக்குறைய இணங்கச் செய்துவிட்ட தருணத்தில், வக்கீல் ஒருவர் எழுந்து, இவ்வூர் தேசியவாதிகளின் ஊர், இங்கே ஆகும் வெண்ணெய் ஒவ்வொரு ராத்தலும் தேசியக் கொள்கைப்படி ஆகவேண்டும், அன்றேல் ஆகவே கூடாது என்று முழங்கினாராம். கூட்டம் கலைந்தது. இத்தகைய வக்கீல் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார் என்பதை நம் சங்கச் செயலாளர்கள் நன்கு அறிவர்.

1889-இல் லிமெரிக் வட்டாரத்து டிரம்கொலகர் என்ற ஊரில் முதல் கூட்டுறவு வெண்ணெய்ச் சாலை தோன்றியது. 1894-இல் சங்கங்களுக்கெல்லாம் தாயகமாக ஐரிஷ் விவசாய அமைப்புச் சங்கம் நிறுவப்பெற்றது. பாதிரியார் தாமஸ் பின்லே அதன் துணைத் தலைவராகத் தொண்டாற்றினார். கவிஞராகிய ஜார்ஜ் வில்லியம் ரஸ்ஸல் சைக்கிளில் மேற்குக் கிராமங்களைச் சுற்றி நாணயச் சங்கங்களை அமைத்தார். பிற்காலத்தில் அவ்வியக்கத்தின் வார இதழையும் நடத்தினார். 1914-க்குள் சுமார் ஆயிரம் சங்கங்கள் எழுந்தன. 1920-இல் விடுதலைப் போரின்போது பிரிட்டிஷ் படையினர் பல வெண்ணெய்ச் சாலைகளைத் தீக்கிரையாக்கினர். குடியானவர் அவற்றை மீண்டும் கட்டினர்.

அயர்லாந்தின் முதல் கிராம நாணயச் சங்கம் 1895-இல் டோனரெய்ல் என்ற ஊரில் ஜெர்மானியர் ரைபைசன் காட்டிய வழியைப் பின்பற்றி அமைந்தது. அதே காலத்தில் சென்னை மாகாணத்துக்காக சர் பிரெடரிக் நிக்கல்சன் அதே ரைபைசனின் முறையை ஆராய்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். அதன் பயனாக 1904-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அவ்வாண்டே திரூரில் நம் மாகாணத்தின் முதல் நாணயச் சங்கம் பதிவாயிற்று. ஒரே ஊற்றிலிருந்து இரு நாட்டாரும் நீர் முகந்தோம் எனலாம்.

பேடி கல்லகர் செய்த காரியம்

டொனகல் வட்டாரம் பாறையும் சதுப்பும் நிறைந்தது. அங்கே 1871-இல் ஏழைக் குடியில் பிறந்த பேடி கல்லகர் சிறு வயதிலேயே கூலிவேலைக்கு அனுப்பப்பட்டார். பிற்பாடு ஸ்காட்லாந்தில் உழைத்த காலத்தில் அங்குள்ள கூட்டுறவுப் பண்டகசாலையைக் கண்டார். ஊர் திரும்பியபோது, கடனுக்குச் சாமான் கொடுத்து விலையையும் வட்டியையும் தம் விருப்பப்படி வைத்த கடைக்காரர்களின் பிடியில் கிராமம் கிடந்தது. இவர்களை அந்நாட்டார் ‘கோம்பீன்’ மனிதர் என்பர். உரத்தைக் குறைந்த விலைக்குச் சேர்ந்து வாங்கலாம் என்று அண்டை வீட்டாரைத் திரட்டி, 1906-இல் டெம்பிள்குரோன் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

உரத்தோடு அவர் நிற்கவில்லை. அவ்வட்டாரப் பெண்கள் காலுறை பின்னிக் கொடுத்தால் கூலியாகப் பணம் தராது தேயிலையும் சர்க்கரையும் தரும் வழக்கம் இருந்தது. சங்கம் பின்னல் சாலை அமைத்துப் பணமாகவே கூலி அளித்தது. வழக்குகளும் எதிர்ப்புகளும் வந்தன, சங்கம் நிலைத்தது. ‘கோப்’ என்னும் சொல் அவருக்கு அடைமொழியாகவே ஆயிற்று. அது கூட்டுறவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் மருஉ. அவர் 1966-இல் காலமானார். அவர் தொடங்கிய சங்கம் இன்றும் டங்லோ ஊரில் இயங்கி வருகிறது. நூல் கொடுத்துச் சேலை வாங்கும் முறையை அறிந்த நம் நெசவாள அங்கத்தினருக்கு இக்கதையின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நாம் சமைத்த விதம்

இனி அடுப்படிக்கு வருவோம். முதல் முறை நாம் செய்த கோல்கேனன் கெட்டுப்போயிற்று. சந்தையில் பளபளவென்றிருந்த புதுக்கிழங்கை வாங்கினோம்; வேகவைத்து, வேலை எளிதாகட்டும் என்று மின் அரைப்பானில் இட்டுச் சுற்றினோம். வெளிவந்தது உணவன்று, பசை. அவ்வேளை வந்திருந்த கைத்தறி நண்பர் ஒருவர் கரண்டியைத் தூக்கிப் பார்த்து, ‘இதை ஏன் வீணாக்குகிறீர்கள்? பாவுக்குக் கஞ்சி போட உதவுமே!’ என்றார். அவர் கூறியது வேடிக்கையாயினும் அதில் விஷயம் இருந்தது. கிழங்கின் மாவுச்சத்து சிறு அறைகளுக்குள் அடங்கியிருக்கிறது. வேகமாகச் சுழலும் கத்தி அவ்வறைகளைக் கிழித்து மாவுச்சத்தை வெளிப்படுத்துகிறது. அதுவே பசையாகிறது. கஞ்சி காய்ச்சுபவருக்கு வேண்டியது அதுவே, சமைப்பவருக்கு வேண்டாதது.

இரண்டாம் முறை செம்மையாய் வந்தது. நால்வருக்கு வேண்டிய பொருள்கள் வருமாறு: முற்றிய, மாவு நிறைந்த உருளைக்கிழங்கு 1 கிலோ, முட்டைக்கோசு 300 கிராம், பால் 200 மில்லி லிட்டர், வெண்ணெய் 100 கிராம், வெங்காயத்தாள் ஒரு சிறு கட்டு, உப்பு, மிளகுத்தூள் தேவைக்கேற்ப.

கிழங்கைக் கழுவித் தோலோடு உப்பிட்ட தண்ணீரில் போட்டு அடுப்பேற்றவும். கொதிநீரில் போட்டால் மேற்புறம் குழைந்து உட்புறம் வேகாதிருக்கும். ஆகையால் குளிர்ந்த நீரிலிருந்தே தொடங்குதல் வேண்டும். தோல் வெடிக்கத் தொடங்கியதும் நீரை முற்றும் வடித்து, பாத்திரத்தை மெல்லிய தீயில் மீண்டும் வைத்து, சுத்தமான துணியால் மூடி ஐந்து நிமிஷம் விடவும். ஈரம் ஆவியாகிக் கிழங்கு உலர்ந்து மாவாக நிற்கும். தோல் வெடித்த கிழங்கைச் சிரிக்கும் கிழங்கு என்று ஐரிஷ்காரர் சொல்வர்.

இதற்கிடையில் கோசின் தடித்த நடுத்தண்டை நீக்கி, இலையை உப்பு நீரில் மென்மையாகும் வரை வேகவைத்து, பிழிந்து, பொடியாக நறுக்கவும். பாலில் நறுக்கிய வெங்காயத்தாளைச் சேர்த்துக் கொதி வரும் அளவில் இறக்கவும். கிழங்கைச் சூடாக இருக்கும்போதே தோலுரித்து மரமத்தால் மசிக்கவும். பருப்பு மத்து இதற்குப் போதும். சூடான பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறவும். பால் ஆறியிருந்தால் கிழங்கு கட்டிப்பட்டுச் சுவை குன்றும். பாதி வெண்ணெயையும் கோசையும் உப்பையும் மிளகையும் சேர்த்து அடிக்காமல் புரட்டவும். தட்டில் குவித்து, குழி செய்து, எஞ்சிய வெண்ணெயை நாலு பங்காக்கி நடுவில் வைத்துச் சூட்டோடு பரிமாறவும். மிஞ்சியதை மறுநாள் தோசைக்கல்லில் தட்டிப் போட்டு இருபுறமும் சிவக்கவிட்டால் அதுவும் நன்றாயிருக்கும்.

காரம் பழகிய நாவுக்கு முதற்கவளம் சப்பென்று தோன்றக்கூடும். நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் மோர்மிளகாயைத் துணைக்கு வைத்துக்கொண்டார். குழந்தைகளோ துணையெதுவும் கேட்கவில்லை. வெண்ணெய்க் குளத்தின் கரையைக் காப்பாற்றுவதில் மூழ்கிவிட்டார்கள்.

முடிவாக

1962-இல் அயர்லாந்தின் பால்பண்ட வாரியம் ‘கெர்ரிகோல்டு’ என்ற முத்திரையுடன் வெண்ணெயை வெளிநாட்டுச் சந்தைக்கு அனுப்பத் தொடங்கியது. இன்று அம்முத்திரையை உடைய ஆர்னுவா நிறுவனம் அந்நாட்டுப் பால் கூட்டுறவுகளின் உடைமை. ஒரு காலத்தில் வாரத்துக்காக வீட்டை விட்டுச் சென்ற வெண்ணெய் இப்போது குடியானவரின் சொந்தச் சரக்காக உலகெங்கும் செல்கிறது. வீட்டுக் கோல்கேனனிலும் உருகுகிறது. இம்மாற்றம் தானாக வந்ததன்று. ஐம்பது கூட்டங்களில் பேசியவரும், எரிந்த சாலையை மீண்டும் கட்டியவரும், உரம் வாங்கச் சேர்ந்த அண்டை வீட்டாரும் கொண்டுவந்தது.

பால் ஊற்றும் அங்கத்தினரே, கடைசித் துளி வரை கொள்கலத்தில் ஊற்றிவிட்டுப் பிள்ளைக்குக் கறுப்புத் தேநீர் கொடுக்கும் வீடு நம்மிடையே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா? பட்டு நெய்யும் அங்கத்தினரே, உம் வீட்டுப் பெண்மக்கள் திருமணம் தவிர வேறு நாளில் தாம் நெய்த பட்டை உடுத்ததுண்டா? ஒரே வகை விதையை நம்பி நிலம் முழுதும் விதைப்போரும், ஒரே வியாபாரியை நம்பித் தறி முழுதும் ஓட்டுவோரும் லம்பர் கிழங்கை நினைத்துக்கொள்வது நலம். நல்ல விலை பெறுவதற்கே சங்கம் வைத்தோம்; அந்த விலையின் ஒரு பங்கு நம் கலத்திலும் விழ வேண்டும் என்பதை மறந்துவிட்டால் சங்கத்தின் கணக்குப் புத்தகம் லாபம் காட்டினாலும் பயன் இல்லை.

அடுத்த சந்தை நாளில் ஒரு கிலோ முற்றிய கிழங்கும் ஒரு கோசும் வாங்குங்கள். வெண்ணெயைச் சங்கத்திலேயே வாங்குங்கள். குழியைச் சற்றுப் பெரிதாகவே செய்யுங்கள்.